காப்பாற்றிய ஊரில் நாயகனுக்கு ஏன் இடமில்லை?

"ஃபேன்டசி கதைகளில் நாயகன் உயிரைப் பணயம் வைத்து ஓர் அழகான உலகத்தைக் காப்பாற்றுகிறான். கடைசியில் எல்லாரும் அங்கே சுகமாக இருக்கிறார்கள், அவனுக்கு மட்டும் இடமில்லை. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தின் முடிவில் ஃபிரோடோ கப்பலேறிப் போனபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழவைப்பதற்கான உத்திதானே இது?" இதுதான் கேள்வி.

உத்தியாகவே இதைச் செய்கிறவர்கள் நிறைய உண்டு. கடைசி அத்தியாயத்தில் நாயகனைக் கப்பலிலோ குதிரையிலோ ஏற்றி அனுப்பிவிட்டால் கதைக்குத் தானாக ஒரு கனம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள். அவர்களை விட்டுவிடலாம். படத்தின் மூல நாவலை எழுதிய டால்கியன் அப்படிச் செய்யவில்லை என்பது என் கட்சி. அதைப் புரிந்துகொள்ள ஃபிரோடோவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவன் ஊரைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கதைகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஊர் இவ்வளவு நிம்மதியாக இருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஃபிரோடோவின் ஊரான ஷயர் ஒரு விவசாய நாடு. அங்கே வாழும் குள்ள இனத்தாரான ஹாபிட்டுகள், சாப்பாடு கிடைத்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவார்கள். பிறந்தநாள் வந்தால் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். அரசாங்கம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவருடைய முக்கியமான வேலை விருந்துகளுக்குத் தலைமை தாங்குவது. தபாலும் காவலும் அவர் பொறுப்பில்தான் வரும். உள்நாட்டுக் காவலுக்கு மொத்தம் 12 பேர். தொப்பியில் செருகிய இறகைத் தவிர அவர்களுக்குச் சீருடை இல்லை. மனிதர்களைவிட வழிதவறிய ஆடுமாடுகளைத் தேடுவதுதான் அவர்களுக்கு அதிக வேலை. பிற்பாடு ஒரு காவலன் தன் பழைய காலத்தை நினைத்துச் சொல்கிறான்: நாட்டைச் சுற்றி நடக்கலாம், நாலு பேரைப் பார்க்கலாம், ஊர்ச்செய்தி கேட்கலாம், நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளலாம், அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று.

இந்த ஊர் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. ஷயர் என்பது கிட்டத்தட்ட விக்டோரியா ராணியின் வைரவிழாக் காலத்து வார்விக்ஷயர் கிராமம்தான் என்று டால்கியனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வைரவிழா நடந்தது 1897-இல். அவர் பிறந்தது 1892-இல், தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைனில். மூன்று வயதில் தாயோடும் தம்பியோடும் இங்கிலாந்து வந்தார். பின்னால் வந்து சேர வேண்டிய தகப்பனார் அங்கேயே 1896-இல் இறந்துபோனார். அதே ஆண்டு அந்தக் குடும்பம் பர்மிங்காமுக்கு வெளியே இருந்த சேர்ஹோல் என்ற சிற்றூருக்குக் குடிபோயிற்று, 1900 வரை அங்கேதான் இருந்தது. ஆக, வைரவிழா ஆண்டில் அவருக்கு ஐந்து வயது. தகப்பனை இழந்த ஐந்து வயதுப் பையன் கண்ணில் பட்ட கிராமம் அது. அவருக்குப் பத்து வயது ஆவதற்குள்ளேயே அந்த இடம் அலங்கோலமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் எழுதுகிறார். அந்த ஊர்த் தானிய ஆலையைப் பற்றியும் அங்கே ஒரு வரி வருகிறது. சின்ன ஆலைக்காரனின் முகம் தனக்குப் பிடித்ததே இல்லை, பெரிய ஆலைக்காரனுக்குக் கறுப்புத் தாடி என்று. சேர்ஹோல் ஆலை இன்றைக்கும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. இந்த ஆலைக்குத் திரும்பி வருவோம்.

இப்போது விலைக்கு வருவோம். ஷயரில் ஏன் 12 காவலர்கள் போதும்? ஹாபிட்டுகள் நல்லவர்கள் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, எல்லைக்கு வெளியே காட்டிலும் மழையிலும் அலைந்து திரியும் ரேஞ்சர்கள். அரசு இழந்த ஒரு பழைய வம்சத்தின் மிச்சம் அவர்கள். இராப்பகலாக அந்த எல்லையைக் காக்கிறார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்து ஊரான ப்ரீயில் அவர்களின் தலைவன் அரகார்னுக்குக் கிடைப்பது கேலிப் பெயரும் சந்தேகப் பார்வையும். எளிய மக்கள் கவலையும் பயமும் இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் நாங்கள் மறைவாகத்தான் இருந்தாக வேண்டும் என்று அவனே சொல்கிறான். இந்த இடத்தை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுவோம். ஆனால் கதையின் ஏற்பாடு முழுக்க இதில் இருக்கிறது. ஊர் நிம்மதியாக இருக்கிறது, ஏனென்றால் நிம்மதியில்லாத சிலர் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். ஃபிரோடோ தன் 50-வது பிறந்தநாளுக்கு மறுநாள், உலகையே அடிமைப்படுத்தக்கூடிய, எரிமலையில் எறிந்தால்தான் அழியும் மோதிரத்தோடு கிளம்பும்போது, உள்ளே இருந்தவன் வெளியே இருப்பவர்களின் கூட்டத்தில் சேருகிறான். அங்கிருந்து திரும்புவது சுலபமில்லை.

திரும்ப முடியாமல் போவதற்கு நேரடிக் காரணம் ஒன்றும் உண்டு. அவன் தோற்றுப்போகிறான். எரிமலையின் விளிம்பில், மோதிரத்தை எறிய வேண்டிய அந்த நொடியில், எறியமாட்டேன், இது என்னுடையது என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்த கோல்லம் பாய்ந்து அந்த விரலையே கடித்துத் துண்டாக்கி, வெற்றிக் களிப்பில் கால் தவறி நெருப்புக்குள் விழுகிறான். உலகம் பிழைத்தது இப்படித்தான். வாசகர்கள் பலர் இதைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று டால்கியனுக்கே ஒரு குறை இருந்தது. அந்தத் தோல்வி ஒழுக்கத் தோல்வி ஆகாது, அந்த அழுத்தத்தை யாராலும் தாங்கியிருக்க முடியாது, தன்னால் முடிந்த கடைசித் துளி வரை செலவழித்து மோதிரத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்தானே, அதுவே அவன் செய்யக்கூடியது என்று ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். எழுதியவர் மன்னித்துவிட்டார். ஃபிரோடோ தன்னை மன்னித்தானா என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஃபிரோடோ, அவனோடு போன சாம், மெர்ரி, பிப்பின் என நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்புகிறார்கள். படத்தில் இல்லாத பகுதி இது. ஆற்றுப்பாலத்தில் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், கதவின் மேல் கூர்முனைகள். பழைய சத்திரங்களெல்லாம் மூடப்பட்டுவிட்டன. இரவு தங்கிய இடத்தில் சுவருக்குச் சுவர் விதிகளின் பட்டியல், பிப்பின் அதைக் கிழித்துப் போடுகிறான். 12 பேராக இருந்த காவலர்கள் இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், தொப்பியில் அதே இறகோடு. விளைச்சலைச் சேகரித்து எல்லாருக்கும் பங்கிட்டுத் தருகிறோம் என்று ஆட்கள் வந்து அளந்து எடுத்துப்போகிறார்கள். சேகரிப்பு ஒழுங்காக நடக்கிறது, பங்கீட்டைத்தான் யாரும் பார்க்கவில்லை. மேயர் சிறையில் இருக்கிறார். பழைய ஆலையை இடித்துவிட்டுச் சக்கரங்களும் இயந்திரங்களுமாகப் பெரிய ஆலை ஒன்று வந்திருக்கிறது. அப்பன் முதலாளியாக இருந்த அதே இடத்தில் மகன் டெட் வெளியூர் ஆட்களுக்காகச் சக்கரம் துடைத்துக்கொண்டிருக்கிறான், அதில் அவனுக்குப் பெருமை வேறு.

கவனிக்க வேண்டியது, இதைத் தொடங்கியது வெளியூர்க்காரன் இல்லை. லோத்தோ என்ற உள்ளூர் ஹாபிட், ஃபிரோடோவின் சொந்தக்காரன். ஆலை, சத்திரம், தோட்டம் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்து, விளைந்ததை வெளியே ஏற்றுமதி செய்து, அதற்குக் காவலாக அடியாட்களைக் கொண்டுவந்தான். கெட்ட மந்திரவாதி சாருமான் பிற்பாடு வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான், அவ்வளவே. இலட்சிய ஊர் என்று நாம் நினைத்த இடத்துக்குள்ளேயே அந்தப் பேராசை இருந்தது. விதிகளுக்குப் பணிந்துபோகிற சாதுத்தனமும் இருந்தது. டால்கியன் தன் ஊரை மிகவும் நேசித்தவர், ஆனாலும் இதை மறைக்கவில்லை. எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான்.

சண்டை நடக்கிறது. ஹாபிட்டுகளில் 19 பேர் சாகிறார்கள். மெர்ரியும் பிப்பினும் தளபதிகளாகப் பேர் வாங்குகிறார்கள். ஃபிரோடோ வாளை உருவுவதே இல்லை. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்ட எதிரிகளைத் தன் ஆட்கள் ஆத்திரத்தில் கொன்றுவிடாமல் தடுப்பதுதான் அவன் பார்த்த வேலை. அதற்கெல்லாம் ஊரில் மரியாதை கிடைக்குமா? கவசம் போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற இரண்டு இளைஞர்களைத்தான் ஊர் கொண்டாடியது. சாமுக்கு அது வருத்தம். ஃபிரோடோவுக்கோ ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6-ஆம் தேதி, பயணத்தில் கத்திக்குத்து வாங்கிய நாளில், உடம்புக்கு வந்துவிடும். மார்ச் 13, ராட்சதச் சிலந்தி கொட்டிய நாள், அன்றைக்கும் அப்படியே. யாரிடமும் சொல்லமாட்டான். இரண்டு ஆண்டு பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு அப்பால், திரும்பாத பயணமாகக் கிளம்புகிறான். ஷயரைக் காப்பாற்ற முயன்றேன், அது காப்பாற்றவும் பட்டது, ஆனால் எனக்காக இல்லை என்று சாமிடம் சொல்கிறான்.

இதைப் படிக்கும்போது முதல் உலகப்போரின் 1916-ஐ ஒதுக்கிவைப்பது கஷ்டம். டால்கியன் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் சிக்னல் அதிகாரியாகப் பிரான்சின் சொம் போர்முனையில் இருந்தார். பள்ளிக்கால நண்பர்களில் ராப் கில்சன் அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்றே இறந்தார், ஜி. பி. ஸ்மித் டிசம்பரில். டால்கியனை நவம்பரிலேயே பதுங்குகுழிக் காய்ச்சல் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது. 1918 வாக்கில் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள் என்று அதே முன்னுரையில் எழுதுகிறார். கதை ஓர் உருவகம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் ஃபிரோடோ இன்ன சிப்பாய் என்று நான் முடிச்சுப்போடவில்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட கிராமத்துக்குள் மறுபடி பொருந்த முடியாமல் நிற்கிறவனின் ஆண்டுவாரி வலியைத் தேதி போட்டு எழுத, அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரால்தான் முடியும்.

நமக்கு இது ஒட்டாமல் போவதற்கு ஒரு காரணம், நாம் வளர்ந்த கதைகளில் நாயகனுக்கு நாடு கிடைத்துவிடும். கம்பன் கோசலத்தைப் பாடுகிறான்: "வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்." வாங்குவதற்கு ஏழை இல்லை, ஆகவே கொடைக்கு வேலையே இல்லை. இப்படிக் குறையே இல்லாத நாட்டில் கதை எப்படி நடக்கும்? கூனி வந்து கெடுத்தால்தான் நடக்கும். ஆனால் காடு, கடல், போர் எல்லாம் முடிந்து பட்டாபிஷேகம் வந்துவிடுகிறது. காத்தவனும் ஆள்பவனும் ஒருவனே. டால்கியனிலும் அந்தப் பழைய வகை உண்டு, அரகார்ன். அவனுக்கு முடியும் கிடைக்கிறது, மணமும் நடக்கிறது. ஆனால் நாவல் முடிசூட்டலோடு நிற்பதில்லை, அதற்கப்புறமும் பல அத்தியாயங்கள் ஓடி ஷயரில் போய்த்தான் முடிகிறது. ராஜா கதையை நடுவில் வைத்துவிட்டுச் சாதாரணக்காரன் கதையைக் கடைசிக்கு வைத்தார்.

இலட்சிய உலகத்தில் தங்க முடியாமல் வெளியே விழுவது டால்கியன் கண்டுபிடித்ததும் இல்லை. 1890-இல் வில்லியம் மோரிஸ் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' எழுதினார். பணமும் சிறையும் பாராளுமன்றமும் இல்லாத எதிர்கால இங்கிலாந்தில் ஒருவன் கண் விழிக்கிறான். தேம்ஸ் வழியாகப் படகில் போகிறான், மக்களோடு பேசுகிறான், அங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசைப்படுகிறான். கடைசியில் ஒரு விருந்துக்கூடத்துக்குள் நுழையும்போது, கூட வந்தவர்களுக்கு அவன் கண்ணில் படாமல் போகத் தொடங்குகிறான். ஒருத்தி மட்டும் ஒரு கணம் பார்த்து, வருத்தத்தோடு தலையசைக்கிறாள். அடுத்து அவன் இருப்பது பழைய ஹாமர்ஸ்மித்தில், தன் படுக்கையில். இதே மோரிஸ்தான் பிறகு, 1896-இல், 'த வெல் அட் த வேர்ல்ட்ஸ் எண்ட்' மாதிரியான கற்பனைநில வீரகதைகளை எழுதி நவீன ஃபேன்டசிக்கு வழி போட்டவர். அவர் கதைகளுக்குத் தான் கடன்பட்டதை டால்கியனும் எழுதியிருக்கிறார். நல்ல சமுதாயம் எப்படி இருக்கும் என்ற கனவும் வாள்வீரன் கதையும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை.

இதுவரை சொன்ன கதைகளில் விலை கொடுப்பவன் மனமொப்பிக் கொடுக்கிறான். அவனைக் கேட்காமலே பிடுங்கினால்? அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய ஒமேலாஸ் கதை சில பக்கங்கள்தான். திருவிழா நடக்கும் அழகான நகரம், எல்லாரும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி முழுவதும் ஒரு குழந்தையின் மேல் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் அடியில், மண்தரை அறையில், மூலையில் சாத்திய துடைப்பங்களுக்குப் பயந்தபடி அது அடைபட்டுக் கிடக்கிறது. பார்த்தால் ஆறு வயது சொல்லலாம், பத்தை நெருங்குகிறது. நான் சமர்த்தாக இருப்பேன் என்று கெஞ்சும். அதை வெளியே விட்டால் அன்றைக்கே நகரத்தின் வளமெல்லாம் போய்விடும், ஒப்பந்தம் அப்படி. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். சிலர் மட்டும் அதைப் பார்த்தபின் வீடு திரும்பாமல் ஊரைவிட்டு நடந்துபோய்விடுகிறார்கள்.

போகிறவர்கள் நாயகர்களா என்று வாசகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இல்லை, குழந்தை அங்கேயேதானே கிடக்கிறது? 2018-இல் என். கே. ஜெமிசின் இதற்குப் பதிலாகவே ஒரு கதை எழுதினார், போகாமல் நின்று போராடுகிறவர்களைப் பற்றி. ஆனால் மூலக்கதையில் கூர்மையான இடம் வேறு. லெ குவின் முதலில் அந்த நகரத்தின் சந்தோஷத்தை விரிவாக வர்ணிக்கிறார். உங்களுக்கு எது பிடிக்குமோ அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொல்கிறார். அப்புறம், நம்புகிறீர்களா என்று கேட்கிறார். இல்லையா, சரி, இன்னொன்றையும் சொல்கிறேன் என்று சொல்லித்தான் அந்த அறையைத் திறக்கிறார். திறந்ததும் நாம் நம்பிவிடுகிறோம். யாரோ ஒருவர் வதைபடாமல் இத்தனை பேர் நன்றாக இருக்க முடியாது என்று நமக்குள்ளேயே ஓர் எண்ணம் ஊறியிருக்கிறது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். ஃபிரோடோ போனால்தான் ஷயர் நிஜமாகத் தெரிகிறது என்று நமக்குத் தோன்றுவதிலும் இந்த எண்ணத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். அந்த அளவுக்கு உங்கள் எரிச்சல் நியாயமானது.

லெ குவின் தன் சொந்த உலகத்தையும் விட்டுவைக்கவில்லை. எர்த்ஸீ வரிசையில் 1968 முதல் 1972 வரை மூன்று நாவல்கள். மூன்றாவதில் மந்திரவாதி கெட், வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே திறந்துவிட்ட ஓட்டையை அடைக்கத் தன் சக்தி முழுவதையும் கொட்டித் தீர்க்கிறான். புது அரசன் வருகிறான், எல்லாம் சுபம். 18 ஆண்டு கழித்து, 1990-இல், 'டெஹானு'வை எழுதிக் கதையை அந்த இடத்திலேயே மறுபடி திறந்தார். மந்திரம் போன நடுத்தர வயது மனிதன் ஊர் திரும்புகிறான். முடிசூட்டு விழாவுக்கு அழைக்க அரசனின் ஆட்கள் வருகிறார்கள், அவன் வெட்கத்தில் ஒளிந்துகொள்கிறான், மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான். கூடவே இன்னொரு கேள்வியும் அந்த நாவலில் வருகிறது. மந்திரவாதிகளின் பள்ளியில் பெண்களுக்கு ஏன் இடமே இல்லை? முதல் நாவலிலேயே பெண்களின் மந்திரத்தை மட்டமாகப் பேசும் பழமொழிகள் உண்டு, எழுதியவரும் அப்போது அதை அப்படியே விட்டிருந்தார். இப்போது கதையின் மையத்தில் ஒரு விதவையும், சொந்தக்காரர்களே நெருப்பில் தள்ளியதில் பாதி முகம் கருகிப்போன ஒரு சிறுமியும் இருக்கிறார்கள். பழைய வாசகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இந்த வரிசையில் இதுதான் மேலானது, வீரம் தீர்ந்த பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான் என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதியவர்கள் குறைவு.

ஷயரையும் இதே கண்ணால் பார்த்தால் ஒரு நெருடல் தெரியும். ஃபிரோடோவுக்கு வேலை வெட்டி கிடையாது, சொத்து இருக்கிறது. சாம் அவன் வீட்டுத் தோட்டக்காரன், கடைசி வரைக்கும் "மிஸ்டர் ஃபிரோடோ"தான். ஆங்கில ஃபேன்டசி எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் 1978-இல் எழுதிய கட்டுரையில் டால்கியனை இதற்காகக் கடுமையாகவே தாக்கினார், வசதியான வர்க்கம் தனக்குத்தானே பாடும் தாலாட்டு என்கிற ரீதியில். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கணக்கில் எடுக்காதது, ஊர் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை. வெட்டிப்போட்ட மரங்களின் இடத்திலெல்லாம் கன்று நட்டு, பரிசாகக் கிடைத்த மண்ணை ஒவ்வொரு கன்றுக்கும் சிட்டிகை சிட்டிகையாகப் பங்கிட்டுப் போடுகிறவன் சாம்தான். ஃபிரோடோவின் வீடு அவனுக்கு வருகிறது. ஏழு முறை மேயராகிறான், விருந்துகளுக்குத் தலைமை தாங்குகிறான். அந்தச் சாமும் மோதிரத்தைக் கொஞ்ச நேரம் சுமந்தவன்தானே? மனைவி ரோஸி இறந்த பிறகு, முதுமையில், அவனும் கப்பலேறிவிட்டதாகப் பின்னிணைப்பில் ஒரு வரி இருக்கிறது.

நீங்கள் படம் பார்த்துவிட்டுக் கேட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003-இல் வந்த மூன்றாம் படத்தில் ஷயர் ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருக்கிறது. திரும்பி வந்த நால்வரும் மதுக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருக்க, சுற்றி ஊர் தன் பாட்டுக்கு நடக்கிறது. நல்ல காட்சிதான். ஆனால் கதவும் விதிப்பட்டியலும் ஆலையும் 19 சாவுகளும் போய்விட்டதால், ஃபிரோடோ கிளம்புவது காரணமில்லாத சோகமாகத் தெரிகிறது. உங்கள் எரிச்சலில் பாதியை அந்தத் திரைக்கதையின் கணக்கில் எழுதிவிடலாம். முழு நாவலுக்கு நேரமில்லையென்றால் கடைசி இரண்டு அத்தியாயங்களையாவது படியுங்கள், படம் பார்த்தவருக்கு அதுவே புரியும். ஒமேலாஸை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 'டெஹானு'வை மட்டும் முதல் மூன்றைப் படிக்காமல் எடுக்க வேண்டாம், கெட் எதையெல்லாம் இழந்துவிட்டு வந்திருக்கிறான் என்பது தெரியாவிட்டால் அவன் ஆடு மேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றிவிடும்.